ஒரு சால்டரிங் புள்ளி
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

முதலாம் ஆண்டு சால்டரிங் வகுப்பு நண்பர்களுக்கு நினைவிருக்கும். பளபளவென்று நான் வைத்த ஜாயிண்டை இன்ஸ்ட்ரக்டர் லேசாக ஆட்டிப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது. "ட்ரை சால்டர் தம்பி, மறுபடி போடு" என்றார். இந்தச் சின்ன விஷயத்துக்கா என்று எனக்கு ஒரே கோபம். அது சின்ன விஷயமில்லை என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

2011 மே மாதம். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கிலிருந்து வந்த ஃபால்கன் 7எக்ஸ் என்ற மூன்று என்ஜின் பிசினஸ் ஜெட், கோலாலம்பூரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அது 'ஃப்ளை-பை-வயர்' விமானம். விமானியின் கை அசைவு கம்ப்யூட்டர் வழியாக மின்கட்டளையாகத்தான் இறக்கைக்கும் வாலுக்கும் போகும்.

சுமார் 13,000 அடி உயரத்தில், யாரும் கேட்காமலே வாலின் கிடைத்தளம் நகர ஆரம்பித்தது. 15 விநாடியில், மூக்கை மேலே தூக்கும் திசையில் கடைசி எல்லைக்கே போய்விட்டது. மூக்கு 41 டிகிரி நிமிர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் மீது 4.6 ஜி அழுத்தம். அதாவது 60 கிலோ ஆள் 276 கிலோ கனப்பார். வேகம் 300 நாட்டிலிருந்து 125 நாட்டுக்கு விழுந்தது. இறங்க வேண்டிய விமானம் 22,500 அடிக்கு ஏறிவிட்டது!

ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் போதாதா? போதாது. ஸ்டிக் அசைப்பது வாலின் பின்விளிம்பில் உள்ள சிறிய எலிவேட்டரை. எதிர்த்து நிற்பதோ வாலின் முழுத் தளம். யார் ஜெயிப்பார்?

ஓட்டிய விமானி விமானப்படையில் பயிற்சி பெற்றவர். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்தார். ஒரு கட்டத்தில் சாய்வு 98 டிகிரி. இறக்கைகள் ஏறக்குறைய செங்குத்து! சாய்த்தால், மேலே தூக்குகிற விசை பக்கவாட்டுக்குத் திரும்பிவிடும், ஏற்றம் அடங்கும். என்றோ கற்ற வித்தை அன்று உயிர் காத்தது. 2 நிமிடம் 36 விநாடிக்குப் பிறகு விமானம் சொன்னபடி கேட்டது. பத்திரமாகத் தரையிறங்கினார்கள். ஓரிரு நாளில் உலகிலுள்ள ஃபால்கன் 7எக்ஸ் அத்தனையும் தரையில் நிறுத்தப்பட்டன.

பிரெஞ்சு விபத்து விசாரணை அமைப்பான பிஇஏ கண்டறிந்த காரணம் என்ன தெரியுமா? வால் தளத்துக்குக் கட்டளையிடும் எலக்ட்ரானிக் பெட்டிக்குள், ஒரு உறுப்பின் ஒரு பின்னில் சரியாகப் பிடிக்காத சால்டரிங்! தவறான கட்டளை போவதைக் கண்காணிப்பு ஏற்பாடும் பிடிக்கவில்லை. இப்படியொரு கோளாறு வரக்கூடும் என்பது பாதுகாப்பு ஆய்விலும் இடம்பெறவில்லை.

விமான மின்னணுக் கருவிகளைச் சோதிப்பதில் 25 வருடம் கழித்தவன் நான். சால்டரிங் தவறு மனிதக் கைக்கு வரும், மெஷினுக்கும் வரும். அதனால்தான் சரிபார்க்கிறவர் தனியாக நிற்க வேண்டும். மாணவர்களே, உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். லேபில் பக்கத்து பெஞ்ச் ரீடிங்கைப் பார்த்து எழுதினால் இரண்டு ரெக்கார்டும் அழகாக ஒத்துப்போகும். அவன் தப்பென்றால் இரண்டும் தப்பு. நாங்களும் அதைச் செய்தவர்கள்தான், மறைப்பானேன்! ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு அந்தப் பழக்கம் கூட வந்தால், அதற்கு விலை கொடுப்பவர் நமக்கு முகம் தெரியாத ஒருவர்.

நாம் கையெழுத்துப் போட்ட பெட்டியை நம்பி யாரோ ஒருவர் 13,000 அடியில் உட்கார்ந்திருக்கிறார். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

எனக்கு அதைக் கற்றுத்தந்த அந்த இன்ஸ்ட்ரக்டருக்கு அன்று நான் நன்றி சொல்லவில்லை. இன்று இந்த மேடையில் சொல்லிக்கொள்கிறேன்.