பயம் விட்டுப்போகாத மனசு
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



நம்ம மாவட்டத்தில் லேனாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983-ல் தொடங்கி 2009 மே மாதம் முடிந்த போரினால் வீடு வாசலை விட்டுக் கடல் கடந்து வந்த குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அங்குள்ள பெண்களும் நம்மைப் போலக் குழு நடத்துகிறவர்கள்தான்.

"சண்டை முடிஞ்சு இத்தனை வருஷமாச்சே, இன்னும் என்ன பயம்?" என்று சிலர் கேட்கிறீர்கள். காலில் பட்ட காயம் ஆறிடும். குண்டு விழுந்ததைப் பார்த்த மனசும், சித்திரவதைப்பட்ட மனசும் லேசில் ஆறாது. இலங்கையில் இதை 'மனவடு' என்கிறார்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மக்களுக்கு வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998-ல் இதைப்பற்றி ஒரு நூலே எழுதினார்.

இதை எப்படித் தெரிந்துகொள்வது? திருவிழா வேட்டு, தீபாவளி வெடி, தாழப் பறக்கும் ஹெலிகாப்டர், இதில் ஒன்று போதும். பழசெல்லாம் கண்முன்னே வந்து நிற்கும். ராத்திரி தூக்கம் வராது, வந்தாலும் கெட்ட கனா. நெஞ்சு படபடப்பு, தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். சோதித்தால் ஒன்றும் தெரியாது. யாரோடும் ஒட்டமாட்டார்கள், சட்டென்று கோபப்படுவார்கள். இது பேய் பிடித்ததும் இல்லை, திமிரும் இல்லை. வைத்தியம் உள்ள நோய்.

அப்படிப்பட்ட உறுப்பினர் கூட்டத்துக்கு வரலைன்னா உடனே அபராதம் எழுதாதீங்க. ஊக்குநர் வீட்டுக்குப் போய்ப் பாருங்க. "அங்க என்ன நடந்துச்சு?" என்று தோண்டாதீங்க, புண்ணைக் கிளறினால் வலிதான் கூடும். அவரே சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்க. கேட்டதைத் தெருவில் பேசாதீங்க. வேட்டு போடுகிற நாளை முன்கூட்டியே சொல்லி வையுங்க.

ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமில்லாமல் தவித்தால், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூடப் போங்க. மாத்திரையும் உண்டு, பேசியே குணமாக்கும் முறையும் உண்டு. 14416 எண்ணில் தமிழிலேயே இலவச ஆலோசனை கிடைக்கும். "செத்துப் போகலாம்போல இருக்கு" என்ற பேச்சு வந்தால், தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப்போங்க.

ஒருத்தர் வாங்கின கடனுக்குக் குழுவே பொறுப்பேற்கிறோம். ஒருத்தர் மனசுப் பாரத்துக்கும் அப்படியே தோள் கொடுப்போம்.