சங்கு ஊதினால் கரையேறுவோம்



"வைகை அணையும் மக்கள் பாதுகாப்பும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். 'அணைப் பக்கம் போகாதே, தண்ணியில இறங்காதே, செல்ஃபி எடுக்காதே' என்று பட்டியல் வாசிக்க வந்திருக்கிறார் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். நான் அதற்கு வரவில்லை. அணைக்குப் போங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். புளியோதரை கட்டிக்கொண்டு, பாட்டி தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். 1959-இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்ட அணை அது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்கள் அதை நம்பியிருக்கின்றன. நம் சோற்றுக்குத் தண்ணீர் தருகிற இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சாப்பிட நமக்கு உரிமை இல்லையா?

உரிமை உண்டு. ஆனால் அணை எப்படி வேலை செய்கிறது என்பது அங்கே போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரியவைக்க வேண்டியது அணையை வைத்திருக்கும் அரசின் கடமை. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் உயிர் போகும். இன்று நான் பேசப்போவதெல்லாம் இவ்வளவுதான்.

முன்வரிசையில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கணக்கு. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. மூன்றாவது கொடுத்த பிறகு, வருகிற உபரி நீரை ஆற்றில் திறந்துவிடுவார்கள். இந்த மூன்று எண்ணும் கரையோரத்துப் பெரியவர்களுக்கு மனப்பாடம். உங்களுக்கும் வாய்ப்பாடு மாதிரி வர வேண்டும்.

ஆனால் இதோடு கணக்கு முடியவில்லை. இந்த மூன்று எச்சரிக்கையும் வெள்ளக் காலத்துக்கு. வெள்ளம் இல்லாத காலத்திலும் ஆற்றில் தண்ணீர் வருமே! சித்திரையில் கள்ளழகர் மதுரையில் ஆற்றில் இறங்குவதற்காகத் திறப்பார்கள். வைகைப் பூர்வீகப் பாசனத்துக்காகச் சிவகங்கைக்கும் இராமநாதபுரத்துக்கும் திறப்பார்கள். குடிநீருக்குத் திறப்பார்கள். அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. வெயில் மண்டையைப் பிளக்கும். மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த வெயிலில்தான் தண்ணீர் வரும்.

அணை இல்லாத ஆற்றில் இறங்குகிறவன் வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். மலையில் இருட்டினால் கரையேறிவிடுவான். நம் பாட்டனுக்கு அந்த அறிவு இருந்தது. அணைக்குக் கீழே அந்த அறிவு மட்டும் போதாது. இங்கே தண்ணீரை அனுப்புவது ஓர் உத்தரவு. உத்தரவுக்கு இடி கிடையாது, மின்னல் கிடையாது. அதனால்தான் அபாயச் சங்கு வேண்டும், அறிவிப்பு வேண்டும், ஆள் வேண்டும்.

பத்திரிகையில் "வினாடிக்கு 5,000 கனஅடி திறப்பு" என்று போடுகிறார்கள். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். 5,000 கனஅடி என்றால் வினாடிக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் லிட்டருக்கு மேல். நம் தெருவுக்கு வருகிறதே 12,000 லிட்டர் தண்ணீர் லாரி, அதில் ஏறக்குறைய பன்னிரண்டு லாரித் தண்ணீர் ஒவ்வொரு வினாடியும் உங்களைக் கடந்து போகிறது. நான் "ஒன்று" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பன்னிரண்டு லாரி! முழங்கால் அளவு வேகத் தண்ணீரே வளர்ந்த ஆளைக் கீழே தள்ளிவிடும். இதற்கு முன்னால் நீச்சல் தெரியும் என்ற வீம்பு செல்லாது.

இப்படி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2014 ஜூன் 8. இமாச்சலப் பிரதேசம், மண்டி மாவட்டம், பியாஸ் ஆறு. ஹைதராபாத்திலிருந்து பொறியியல் மாணவர்கள் சுற்றுலா போயிருந்தார்கள். மாலை நேரம். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. பாறைகள் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். முழுதாகக் கரையேற அவகாசம் இல்லை. இருபத்து நான்கு மாணவர்கள், கூட வந்த சுற்றுலா வழிகாட்டி ஒருவர், இருபத்தைந்து பேரை ஆறு கொண்டுபோனது. மழையும் பெய்யவில்லை, அணையும் உடையவில்லை. மதகு திறந்தது, அவ்வளவுதான். திறந்த செய்தி பாறையில் நின்ற பிள்ளையின் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

எச்சரிக்கை கொடுத்தோம் என்று கோப்பில் எழுதுவது சுலபம். அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் வேலை.

அணைக்குக் கீழே இப்படி என்றால், மேலே தேக்கத்தில் என்ன? நம் வைகைக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வருகிறதே, அந்தத் தேக்கடி ஏரியிலேயே நடந்தது. 2009 செப்டம்பர் 30. சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க ஒரே பக்கமாகப் பயணிகள் சாய்ந்தார்கள் என்று செய்தி வந்தது. சாயத்தான் செய்வார்கள், பார்க்கத்தானே வந்தார்கள்! மனிதன் ஆசையோடு எட்டிப் பார்ப்பான் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் படகு கட்ட வேண்டும், ஆள் ஏற்ற வேண்டும். மிதவைச் சட்டை ஓரமாக மூட்டையில் கிடந்தால் யாரைக் காப்பாற்றும்? அது உடம்பில் இருக்க வேண்டும்.

இனி அணையின் உடல்நலத்துக்கு வருகிறேன். 1979 ஆகஸ்ட் 11. குஜராத்தில் மச்சூ இரண்டாம் அணை. பெருமழை. தாங்கமுடியாத நீர்வரத்து. சில கதவுகள் திறக்கவில்லை. தண்ணீர் மண் கரைக்கு மேல் வழிந்து, கரையை அறுத்துக்கொண்டு மோர்பி நகரத்துக்குள் போனது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 2024 ஆகஸ்ட் 10 இரவு, துங்கபத்திரை அணையில் சங்கிலி அறுந்து 19-வது மதகுக் கதவே அடித்துக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, உயிர்ப்பலி இல்லை. ஒரு வாரத்துக்குள் தற்காலிகக் கதவு பொருத்தி அடைத்தார்கள். பெரிய அணையைக் காப்பது பல நேரங்களில் ஒரு சங்கிலியும், அதற்குப் போடுகிற கிரீசும்தான்.

நம் அணையிலும் மண் கரை உண்டு. மண் கரையில் எலி வளை பறிக்கும், மரம் வேர் விடும். கரைக்குக் கீழே கசிவு இருக்கலாம். தெளிந்த கசிவு நீரை அளந்து எழுதிக்கொண்டே வருவார்கள். அதுவே கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம், ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். அதிகாரி தினமும் எல்லா அடியும் நடக்க முடியாது. ஆடு மேய்க்கிற அக்காவும் மீன்பிடிக்கிற அண்ணனும் நடக்கிறார்கள். அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள ஒரு தொலைபேசி எண்ணைக் கரையில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். மக்களை விரட்டிவிட்டால் அணைக்கு ஆயிரம் கண்கள் குறையும்.

இதெல்லாம் நான் ஆசைக்குச் சொல்வதில்லை. 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்ய வேண்டும், அவசரகாலச் செயல்திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தத் திட்டம் தமிழில், ஊராட்சி அலுவலகத்தில், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டும்படி இருக்க வேண்டும் என்று நாம் கேட்போம்.

ஆகவே இந்த மன்றத்தின் முன் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று: வெள்ளமானாலும் பாசனமானாலும் திருவிழாவானாலும், மதகைத் திறக்கும் முன் சங்கு ஊத வேண்டும். மாதம் ஒருநாள் முன்கூட்டியே சொல்லிவிட்டு அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு: வலது கரைப் பூங்காவையும் இடது கரைப் பூங்காவையும் இணைக்கும் தரைப்பாலத்தில், தண்ணீர் திறக்குமுன் ஆள் நிறுத்தி வழியை அடைக்க வேண்டும். மூன்று: ஆழமும் சேறும் உள்ள இடங்களில் படம் போட்ட பலகை வைக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் அது பேச வேண்டும். நான்கு: கயிறும் மிதவை வளையமும் கரையில் தொங்க வேண்டும். உள்ளூர் மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, விடுமுறை நாள்களில் காவல் போட வேண்டும். ஐந்து: சுற்றுவட்டாரப் பள்ளிகளில் நீச்சல் கற்றுத்தர வேண்டும். நீரில் மூழ்கிச் சாவதைத் தடுப்பதற்கென்றே ஜூலை 25-ஐ ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. அந்த நாளில் தொடங்கலாமே!

கேட்பது மட்டும் போதாது, கொடுக்கவும் வேண்டும். மது குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கமாட்டோம். பாட்டிலை உடைத்துப் போடமாட்டோம். ஒருவன் மூழ்கினால் கைகோத்துக்கொண்டு நாலு பேர் பின்னால் குதிக்கமாட்டோம். துண்டை, சேலையை, கயிற்றை வீசுவோம். சங்கு ஊதினால் செருப்பை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுவோம்.

தலைவர் அவர்களே, இந்த ஐந்தையும் தீர்மானமாக நிறைவேற்றி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, நாளைக் காலையிலேயே ஆட்சியரிடம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். முதல் கையெழுத்தை இந்த முன்வரிசைப் பிள்ளைகளிடமிருந்து வாங்குங்கள். அணைக்கு அதிகமாகப் போகப்போவதும், அதிக காலம் அதைக் காக்கப்போவதும் அவர்கள்தான்.