ஆயில் பார்க்கத் தெரியணும்

(ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



குழுக் கடனில் வாங்கின பழைய காரை வாடகைக்கு ஓட்டுறவ நான். கடன் வாங்கினது, கட்டினது பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் இன்ஜின் ஆயில் பத்திச் சொல்றேன். சிரிக்காதீங்க, அதுலதான் என்னோட நாலு மாசத் தவணை போச்சு.

ஆயில் பார்க்காதவ இல்ல நான். தினமும் பார்ப்பேன். ஆனா எங்க வாசல் சரிவு. வண்டி சாய்ஞ்சு நின்னா உள்ளே ஆயிலும் ஒரு பக்கமா ஒதுங்கிடும். அதோட, ஸ்டிக்கை ஒரே தடவை உருவிப் பார்த்து, மேல வரைக்கும் ஈரமா இருக்கு, போதும்னு சொருகிடுவேன். ஓடும்போது தெறிச்ச ஆயில் அது! ஒருநாள் வழியில சிவப்பு லைட் எரிஞ்சுது. ஒர்க்‌ஷாப் 2 கிலோமீட்டர்தானேன்னு ஓட்டிட்டேன். இன்ஜினை இறக்கும்படி ஆயிடுச்சு. அந்த லைட் ஆயில் பிரஷர் போச்சுன்னு சொல்ற லைட்டாம். எரிஞ்சா அந்த இடத்திலேயே ஓரங்கட்டி நிறுத்தணும்.

இப்ப எப்படிப் பார்க்கிறேன்னா, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி 10 நிமிஷம் விடுவேன். மேலே இருக்கிற ஆயில் கீழே இறங்கணும் இல்லையா? சில வண்டிக்கு வேற மாதிரி இருக்கும், கூட வர்ற புத்தகத்தைப் பாருங்க. ஸ்டிக்கை உருவி, பஞ்சு ஒட்டாத பனியன் துணியில சுத்தமா துடைச்சு, கடைசி வரை அழுத்திச் சொருகி, திரும்ப எடுக்கணும். முனை கீழே இருக்கட்டும். ரெண்டு பக்கமும் பார்த்து, எது குறைவோ அதுதான் கணக்கு. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தா சரி.

குறைஞ்சா கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி மறுபடி பாருங்க. மேல்கோட்டைத் தாண்டினா, உள்ளே சுத்துற கிராங்க் மோர் கடையற மாதிரி ஆயிலை நுரைக்க வச்சிடும். டீசல் வண்டியில ஆயில் சீக்கிரமே கறுத்துடும், பயப்படாதீங்க. பால் கலந்த மாதிரி வெளுத்தா தண்ணி கலந்திருக்கலாம், உடனே மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

எப்ப, எவ்வளவு ஊத்தினேன்னு சேமிப்பு நோட்டு கடைசிப் பக்கத்துல எழுதி வைக்கிறேன். எங்க ஊக்குநருக்கு அதுல கோபம்தான்.

வெளியே வேப்பமரத்தடியில என் வண்டி நிக்குது, சமமான இடம்தான். சாப்பாட்டுக்கு முன்னாடி வர்றவங்க வாங்க, பானட்டைத் திறந்து காட்டுறேன்.