வளர்ந்த பிள்ளைகளும் வாழ்வியற் பயிற்சியும்



திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், முப்பது வயது நிறைந்த மகனுக்கு இன்றும் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடும் தாய்மார் உண்டு. அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உடைய மகன். தாய் அன்பினாற் செய்கிறாள். காலை அவசரத்தினாலும் செய்கிறாள். அவளுக்கோ அறுபது கடந்துவிட்டது. தனக்குப் பின் யார் என்னும் கவலை அவளை உறங்கவிடுவதில்லை.

இக்கவலையை முன்னிறுத்தியே 1999-இல் நாடாளுமன்றம் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றியது. 18 வயது நிறைந்தபின் பெற்றோர் சட்டப்படி இயல்பான காப்பாளர் அல்லர் என்பதைப் பலர் அறியார். தேவைப்படுவோர்க்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். சென்னை ஆட்சியர் அலுவலகம் இராஜாஜி சாலையில், இராயபுரத்தார்க்கு அண்மையிலேயே உள்ளது. ஆனால் காப்பாளர் எல்லார்க்கும் வேண்டுவதன்று. தானே முடிவெடுக்க வல்லவனுக்கு அது விலங்காகிவிடும்.

காப்பாளர் கையொப்பமிடுவார், பொத்தானை யார் பூட்டுவது? இங்கேதான் பயிற்சி வேண்டும்.

சிறப்பாசிரியர்கள் ஒரு செயலைச் சிறுசிறு படிகளாகப் பிரிப்பர். பலவேளைகளில் கடைசிப் படியையே முதலிற் கற்பிப்பர். தாய் பொத்தானைத் துளையிற் பாதி நுழைத்துவிட, மகன் அதனை இழுத்து முடிக்கிறான். அது கைவந்தபின் அதற்கு முந்திய படியும் அவனுடையதாகிறது. ‘முடித்துவிட்டேன்’ என்னும் நிறைவு முதல்நாளே அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. ஐந்து நொடி வேலைக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஏழரை மணி மின்வண்டியைப் பிடிக்க ஓடும் வீட்டில் பொறுமையைப் போதிப்பது வீண். மாலையில் வைத்துக்கொள்வதே நன்று.

பயணமும் அவ்வாறே. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் விரைவுச் சாலையில் தனியே நடக்கவிட எவர்க்கும் மனம் துணியாது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்த மெட்ரோ இவ்வகையில் ஒரு வரம். நிலையத்தின் பெயர் தமிழிலும் ஒலிக்கும். வண்டி நின்ற பின்னரே கதவு திறக்கும். தேரடியிலிருந்து காலடிப்பேட்டை, அடுத்தது சுங்கச்சாவடி: இரண்டே நிறுத்தம். முதலில் அருகமர்ந்து செல்லலாம். பின்னர் அதே பெட்டியில் தள்ளி அமரலாம். பிறகு இறங்குமிடத்திற் காத்திருக்கலாம். இடையே ஒருநாள் அவன் இறங்க மறந்துவிடவும் கூடும். வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும், பயிற்சியை நிறுத்தவேண்டா.

1985-இல் தோன்றி இன்று கோட்டூர்புரத்தில் உள்ள வித்யா சாகர், முட்டுக்காட்டில் 2005-இல் அமைந்த தேசிய நிறுவனம் ஆகியவை இத்துறையிற் பெயர்பெற்றவை. இரண்டும் நகரின் தென்புறத்தில் உள்ளன. எண்ணூர்த் தாய்க்கு முட்டுக்காடு சென்றுவர ஒருநாள் வேண்டும். ஆகவே வடபகுதியில், வாரம் இருமுறை திறக்கும் ஓர் அறையும் பயின்ற ஆசிரியர் ஒருவரும் கிடைத்தாலே பேருதவி. நாள் முழுதும் தாய் சற்று ஓய்ந்திருக்கவும் அது உதவும். அதனைப் பேசுவார் இலர்.

கடை வைத்திருப்போரும் இவ்வவையில் இருப்பர். பருப்புப் பொட்டலங்களைப் பத்துப்பத்தாக அடுக்கும் வேலைக்கு எண்ணத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. பத்துக் குழிகள் உள்ள ஒரு பலகை போதும். குழி நிறைந்தால் பத்து. அவ்வேலைக்குரிய கூலியை, இரக்கத் தொகையாக அன்றி, கூலியாகவே அவன் கையிற் கொடுக்கவேண்டும். தந்தையின் கையில் அன்று. அன்று மாலையே அவன் அதிற் பாதிக்குக் கடலைமிட்டாய் வாங்கினாலும் வீட்டார் தடுக்கவேண்டா.