செல்போனில் வரும் எச்சரிக்கை எண் உங்களுக்கு என்ன சொல்கிறது?

(பேரிடர் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழைக்காலம் வந்துவிட்டால் உங்கள் செல்போனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வானிலைச் செய்தி வருகிறது? டிஎன்-அலர்ட் செயலியில் ஒன்று, குறுஞ்செய்தியில் ஒன்று, வாட்ஸ்அப் குழுவில் பத்து. எல்லாவற்றிலும் ஒரு எண் இருக்கும், இல்லையென்றால் ஒரு நிறம் இருக்கும். அதைப் பார்த்ததும் நம்மில் பலர் கேட்கிற முதல் கேள்வி, "நாளைக்கு ஸ்கூல் லீவா?" தப்பில்லை, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது முக்கியமான கேள்விதான். ஆனால் விடுமுறை என்பது மாவட்ட ஆட்சியர் எடுக்கும் முடிவு. அந்த எண் உங்கள் வயலுக்கோ, கடைக்கோ, படகுக்கோ என்ன சொல்கிறது என்பதை நீங்கள்தான் படித்துக்கொள்ள வேண்டும். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் மழை. இந்திய வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. முதல் 11.55 செ.மீ. வரை பெய்தால் கனமழை என்கிறது. அதற்கு மேல் 20.44 செ.மீ. வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. 24 மணி நேரம் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. செய்தியில் "நேற்று" என்று சொல்லும் மழையில் பாதி இன்று விடியற்காலையில் பெய்ததாகக்கூட இருக்கலாம்.

ஒரு செ.மீ. மழை என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர மீட்டர் இடத்தில் 10 லிட்டர். ஒரு ஏக்கர் நிலத்தில் சுமார் 40,000 லிட்டர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு காயல்பட்டினத்தை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் அங்கே 95 செ.மீ. பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டது அந்த மழையில்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 24 மணி நேர மொத்தம் எல்லாருக்கும் ஒரே மாதிரி பயன்படாது. 8 செ.மீ. மழை நாள் முழுக்க நிதானமாகப் பெய்தால், வடிகால் சரியாக இருக்கும் நெல் வயலுக்குப் பெரிய ஆபத்து இல்லை. அதே 8 செ.மீ. ஒரு மணி நேரத்தில் கொட்டினால் நகரத்தில் சுரங்கப்பாதை நிரம்பிவிடும், தரைத்தளக் கடையில் சரக்கு நனைந்துவிடும். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் மதியம் தொடங்கிய மழை சில மணி நேரத்திலேயே நகரத்தை நிறுத்திவிட்டது, நினைவிருக்கிறதா? ஆகவே விவசாயி பார்க்க வேண்டியது அடுத்த சில நாட்களுக்கான மொத்த மழை. நகரத்தில் கடை வைத்திருப்பவரும் வண்டி ஓட்டுபவரும் பார்க்க வேண்டியது அடுத்த 3 மணி நேரத்துக்கான முன்னறிவிப்பு. இரண்டையுமே வானிலை மையம் தருகிறது. ஆனால் நாம் எல்லாரும் ஒன்றையேதான் பார்க்கிறோம்.

நிறங்கள் விஷயமும் அப்படித்தான். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். நிறம் மழையை அளக்கும் ஸ்கேல் இல்லை, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. மாவட்டத்துக்குச் சிவப்பு என்றால் ஒவ்வொரு தெருவிலும் 20 செ.மீ. பெய்யும் என்று அர்த்தம் இல்லை. "ரெட்னு சொன்னாங்க, எங்க ஏரியால தூறல்கூட இல்ல" என்று மீம்ஸ் போடுகிறவர்கள் பக்கத்து ஒன்றியத்தில் எவ்வளவு பெய்தது என்று பார்ப்பதில்லை.

இப்போது காற்றுக்கு வருவோம். புயலுக்கு நாம் வைக்கும் பெயர்கள் எல்லாம் காற்றின் வேகத்தை வைத்துத்தான். மணிக்கு 62 கி.மீ. முதல் 88 கி.மீ. வரை புயல், 89 முதல் 117 வரை தீவிரப் புயல், அதற்கு மேல் மிகத் தீவிரப் புயல். இதில் மழைக்கு இடமே இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா காற்றால் அழித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஒரு தென்னை மறுபடி காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று பட்டுக்கோட்டைக்காரர்களைக் கேளுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், காற்றைப் பொறுத்தவரை சாதாரணப் புயல். ஆனால் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. மழை. அதன் பிறகு "புயல் வலுவிழந்தது" என்று செய்தி வந்தது. அந்த வார்த்தையைக் கேட்டு நாம் டிவியை அணைத்துவிட்டோம். கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஊத்தங்கரையில், அடுத்த நாள் 50 செ.மீ. பெய்தது! வலுவிழந்தது என்றால் காற்று குறைந்தது என்று மட்டும்தான் பொருள். தென்னை, வாழை வைத்திருப்பவருக்கு அது நிம்மதி தரும் செய்தி. ஆற்றோரத்தில் வீடு இருப்பவருக்கு அதில் எந்த நிம்மதியும் இல்லை. அவர் மழை அளவைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண்ணிலும் இதே குழப்பம். 1-லிருந்து 11 வரை ஏறிக்கொண்டே போகும் ஏணி மாதிரி நினைக்கிறோம். 5-க்கும் 6-க்கும் வலிமையில் வித்தியாசம் இல்லை. புயல் துறைமுகத்தை எந்தப் பக்கம் விட்டுக் கடக்கும் என்பதுதான் வித்தியாசம். 11 வந்தால் வானிலை அலுவலகத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். கூண்டு கப்பல்களுக்கான மொழி. கரையில் இருக்கும் நாம் அதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

கடல் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அந்த நாட்களில் "கள்ளக்கடல்" எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. வெகு தூரத்தில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் பலத்த காற்று எழுப்பும் அலை, பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருவதுதான் கள்ளக்கடல். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. வெயில் பளிச்சென்று அடிக்கும். வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலையின் உயரத்தையும் நேரத்தையும் கணித்துச் சொல்கிறது. மீனவர்களுக்கு இந்தத் தகவல் போய்ச் சேரும் ஏற்பாடு ஓரளவு இருக்கிறது. சுற்றுலா போகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை. கடற்கரைக்குக் கிளம்புவதற்கு முன் ஓட்டல் விமர்சனம் பார்ப்பதைப் போல இதையும் ஒரு நிமிஷம் பார்த்துவிடுங்கள்.

வெயிலைப் பற்றி நாம் குறைவாகத்தான் பயப்படுகிறோம். சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க, வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடலோரத்தில் 40-க்குப் பதில் 37. சென்னையிலோ நாகையிலோ இந்த வரையறைக்குள் வராத நாட்கள் நிறைய. அதனால் "வெப்ப அலை இல்லை" என்று செய்தி வரும். ஆனால் உடம்பு வெந்துகொண்டிருக்கும். காரணம் ஈரப்பதம். வெப்பநிலை 34 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் உடம்பு உணர்வது ஏறக்குறைய 35. அதே 34 டிகிரியில் ஈரப்பதம் 75 சதவீதம் ஆனால், உணர்வது 49 டிகிரி! வியர்வை ஆவியானால்தானே உடம்பு குளிரும்? காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. செல்போன் வானிலைச் செயலியில் "உணரும் வெப்பம்" என்று ஒரு எண் சின்னதாக இருக்கும். சித்தாள், கொத்தனார், டெலிவரி செய்யும் தம்பிகள், சாலைப் பணியாளர்கள் பார்க்க வேண்டியது பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை அல்ல, இதைத்தான். இவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும் பார்க்க வேண்டும். சொல்லப்போனால், வேலை நேரத்தை மாற்றும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

வீட்டில் முதியவர்கள், கைக்குழந்தை இருந்தால் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பாருங்கள். இரவும் குளிராவிட்டால் உடம்பு ஓய்வெடுக்க முடியாது. மின்துறைக்கும் இதுதான் தலைவலி. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நெல் விவசாயிக்கோ பூக்கும் பருவம்தான் கணக்கு. அப்போது 35 டிகிரிக்கு மேல் போனால் பதர் அதிகமாகும். கோழிகளுக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அதனால்தான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பண்ணையாளர்களுக்கென்றே தனியாக வானிலை ஆலோசனை வெளியிடுகிறது. எல்லாத் தொழிலுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நல்லது!

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இதனால் வெப்ப அலையில் உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்குப் பேரிடர் நிதியிலிருந்து நிவாரணம் வழங்க வழி ஏற்பட்டிருக்கிறது.

அணை, ஏரிகளின் கீழே குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. "இன்னும் நிரம்பலையே" என்று இருந்துவிடாதீர்கள், நிரம்புவதற்கு முன்பே பாதுகாப்புக்காக உபரிநீர் திறப்பது வழக்கம். நீர்மட்டத்தோடு நீர்வரத்தையும் திறப்பையும் சேர்த்துப் பாருங்கள். இடிக்கு "தாமினி" செயலி இருக்கிறது, ஆடு மாடு மேய்ப்பவர்களும் நடவு வயலில் நிற்பவர்களும் அவசியம் வைத்துக்கொள்ள வேண்டும். பயிர் ஆலோசனைக்கு "மேகதூத்".

கடைசியாக, இங்கேயே செய்துவிடக்கூடிய ஒரு வேலை. செல்போனை எடுங்கள். டிஎன்-அலர்ட் செயலிக்கு இருப்பிட அனுமதியும் அறிவிப்பு அனுமதியும் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று செல்போனே சில செயலிகளைத் தூங்க வைத்துவிடும், அந்தப் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்புறம், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் செல்போனிலும் இதைச் செய்து கொடுங்கள். அவர்களிடம் பட்டன் போன்தான் என்றால் அவர்கள் மாவட்டத்து எச்சரிக்கையை நீங்கள் பார்த்து, போன் போட்டுச் சொல்லுங்கள். அவசரத்துக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. இந்த இரண்டையும் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.