பவர் டில்லரும் நமது பொறுப்பும்

(இராஜபாளையத்தில் நடைபெற்ற உழவர் பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

ஊராட்சி உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே, தாய்மார்களே!



நம் பாட்டனார் காலத்தில் ஏர் பிடிப்பதற்கு எவரும் வகுப்பு நடத்தியதில்லை. சிறுவன் தந்தையின் பின்னே பல நாள் நடந்து, மாட்டின் குணமும் மண்ணின் குணமும் அறிந்த பின்னரே மேழியைத் தொட்டான். காலில் கொழு படப்போகிறது என்றால், ஓர் அதட்டலில் மாடு நின்றது. இன்று பவர் டில்லரும், அதனினும் சிறிய பவர் வீடரும் நம் தோப்புகளுக்குள் வந்துவிட்டன. அவற்றுக்குக் காது இல்லை. நாம் நிறுத்தினாலன்றி அவை நிற்பதில்லை.

இவ்வியந்திரங்களைக் குறை கூற நான் வரவில்லை. சேத்தூர், தேவதானம் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும், இராஜபாளையத்து மாந்தோப்புகளிலும் மரங்களுக்கிடையே பெரிய டிராக்டர் எளிதில் திரும்ப முடியாது. வேலையாள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. அங்கெல்லாம் இச்சிறு இயந்திரங்களே கைகொடுக்கின்றன. வேளாண்மைப் பொறியியல் துறையும் இவற்றை வாங்குவதற்கு மானியம் அளித்து ஊக்குவித்து வருகிறது. ஆயினும், இயந்திரம் பெருகிய அளவுக்கு அதனைக் கையாளும் அறிவு பெருகியிருக்கிறதா என்பதே என் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் ஊரில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். ஒருவர் பவர் டில்லர் வாங்கினார். விற்றவர்கள் அவருக்கு இயக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். அண்டைத் தோப்புக்காரர் அதனை இரவல் பெற்றார். அவரிடம் கூலிக்கு வந்த இளைஞர் அதனை ஓட்டினார். கத்திகளில் காய்ந்த தென்னை மட்டை சுற்றிக்கொண்டது. வண்டியை நிறுத்திய அவர் என்ஜினை நிறுத்தவில்லை. மட்டையைக் காலால் தள்ளினார். தடை நீங்கியதும் கத்தி சுழன்றது. அவர் இரண்டு கால்விரல்களை இழந்தார்.

இயந்திரத்தில் பழுதில்லை. அவ்விளைஞர் அசட்டையானவரும் அல்லர். வாங்கியவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, இரவல் போன இயந்திரத்தோடு கூடப் போகவில்லை. குறை இதுவேயாகும். ஆதலின், ஒவ்வொருவரும் அறிய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, கத்தியில் எது சிக்கினாலும் என்ஜினை முற்றிலும் நிறுத்தி, கத்தி அசைவற்ற பின்னரே குனிய வேண்டும். அப்போதும் கையையோ காலையோ கொடுக்காமல், ஒரு கொக்கியால் இழுத்தெடுப்பது நன்று. உழுமுன் மட்டை, கல், கம்பி, சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றை அகற்றிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. கத்தியின் மேலுள்ள காப்புத் தகட்டை எக்காரணத்தாலும் கழற்றலாகாது.

இரண்டாவது, பின்னோக்கிச் செலுத்துதல். ரோட்டரி சுழன்றுகொண்டிருக்கப் பின்னே வந்தால், கத்தி நம் காலை நோக்கி வரும். முதுகுக்குப் பின்னே மரம் இருந்தால், கைப்பிடிக்கும் மரத்துக்கும் இடையே நெஞ்சு நசுங்கும். ஆகவே ரோட்டரியின் இணைப்பை விலக்கி, பின்னே திரும்பிப் பார்த்து, மெதுவாகவே வர வேண்டும்.

மூன்றாவது, மலையடிவாரத்தில் வாழும் நாம் சிறப்பாக அறிய வேண்டியது. சமதரையில் இடப்புறத் திருப்பு கிளட்சைப் பிடித்தால் பவர் டில்லர் இடப்புறம் திரும்பும். சரிவில் இறங்கும்போது அதனையே பிடித்தால், விசையினின்று விடுபட்ட இடச்சக்கரம் வேகமாக உருண்டு, வண்டி வலப்புறம் திரும்பிவிடும்! பழகாதவர் இதனால் திகைத்துப் பள்ளத்தில் விழுகின்றனர். சரிவில் அக்கிளட்சைத் தொடாமல், தாழ்ந்த கியரில், கைப்பிடியைத் தள்ளியே திருப்புதல் வேண்டும். நியூட்ரலில் ஒருபோதும் இறங்கலாகாது. கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றருகே திருப்புவதும் இத்தகைய ஆபத்தேயாகும்.

நான்காவது, சில பவர் வீடர்களில் கையை எடுத்தவுடன் கத்தி நின்றுவிடும்படி ஒரு நெம்புகோல் உண்டு. கை வலிக்கிறது என்று அதனைக் கயிற்றால் கட்டிவிடுவோரைக் கண்டிருக்கிறேன். அது நம் உயிர்க்காவலைக் கட்டிப்போடுவதாகும். கை வலித்தால் ஓய்வெடுப்போம். தொங்கும் வேட்டியும் துண்டும் சேலைத் தலைப்பும் வேண்டா; காலில் உறுதியான காலணி வேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது. என்ஜின் ஆறிய பின்னரே எரிபொருள் ஊற்ற வேண்டும். மூடிய கொட்டகைக்குள் அதனை ஓட்டலாகாது. அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றியே உயிரைப் பறிக்கும்.

இவ்வளவு கவனத்தையும் மீறி விபத்து நேர்ந்தால், காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, 108-ஐ அழையுங்கள். காப்பித்தூளோ சுண்ணாம்போ வைக்க வேண்டா. விரல் துண்டாகிவிட்டால், ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டு செல்லுங்கள். பனிக்கட்டி விரலில் நேரே படலாகாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. வட இந்தியாவில் கதிரடிக்கும் இயந்திரங்களில் உழைப்பாளிகள் பலர் கையிழந்ததைக் கண்டு, நமது பாராளுமன்றம் 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. ஆனால் எச்சட்டமும் தோப்புதோறும் வந்து காவல் நிற்க இயலாது. அவ்வேலையை ஊரார்தாம் செய்ய வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு இல்லை. உங்கள் ஊரில் யாரிடம் எந்த இயந்திரம் உள்ளது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இயந்திரத்தை இரவலாகவோ வாடகைக்கோ கொடுப்பவர், ஓட்டப் போகிறவரைத் தம் கண்முன்னே ஒருமுறை இயக்கவும் நிறுத்தவும் செய்து பார்த்த பின்னரே அனுப்புவது என்று ஊர்க் கட்டுப்பாடு செய்யுங்கள். தோப்புக்காரர் வந்தால் போதாது. கைப்பிடியைப் பிடிக்கும் கூலியாளே வர வேண்டும். சிறுவரிடம் கொடுப்பதில்லை என்றும் உறுதி கொள்ளுங்கள்.

விளைச்சல் ஓராண்டு குறைந்தால் மறு ஆண்டு ஈடு செய்யலாம். இழந்த கால் மீண்டும் வளராது. இனி இயந்திரம் எவர் கைக்குப் போனாலும், அதனைப் பற்றிய அறிவும் கூடவே போகட்டும் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.