மறதிக்கு டப்பா மாத்திரையா?
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் ஒரு குழுவின் தீர்மான நோட்டைப் பார்த்தோம். உள்கடன் 4,000 ரூபாய், காரணம் 'மாமியார் மருத்துவச் செலவு' என்று எழுதியிருந்தது. என்ன நோய் என்று விசாரித்தோம். "மறதிங்க மேடம். சாப்பிட்டுட்டே சாப்பிடலைன்னு சொல்லுது. வீட்டுக்கு வந்த ஏஜென்ட்கிட்ட ரெண்டு டப்பா மாத்திரை வாங்கினேன், மூளை தேறும்னாங்க" என்றார் அந்த அக்கா. டாக்டரிடம் காட்டவே இல்லை.

டப்பாவை வாங்கிப் பார்த்தோம். வைட்டமின் ஈ, வைட்டமின் சி, செலினியம். இவற்றை ஆன்டி-ஆக்சிடன்ட் என்பார்கள். நறுக்கிய வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுத்துப் போகுதில்ல? அதுமாதிரி பிராணவாயுவால் நம் உடம்புக்குள்ளும் ஒரு சேதம் நடக்கிறது. அதைத் தடுக்கிற சத்து இது. மூளையையும் காப்பாற்றும் என்று விஞ்ஞானிகளே நம்பினார்கள்.

ஆனால் அவர்கள் சோதித்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2002-இல் தொடங்கிய ஆய்வில் 60 வயது தாண்டிய ஆண்கள் 7,500 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு செலினியம், சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்குச் சத்தில்லாத வெற்று மாத்திரை. 2017-இல் முடிவு வந்தது. எந்தப் பிரிவிலும் மறதி நோய் குறையவில்லை. ஆம்பளைங்களைத்தானே பார்த்தாங்க என்று கேட்பீர்கள். 2005-இல் வெளியான இன்னொரு ஆய்வில் பெண்களும் இருந்தார்கள். லேசான மறதி உள்ளவர்களுக்கு மூன்று வருஷம் வைட்டமின் ஈ கொடுத்தும் நோய் முற்றுவது நிற்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தக்கசிவைக்கூட உண்டாக்கலாம்.

நெல்லிக்காயிலும் நிலக்கடலையிலும் இந்தச் சத்து இருக்கு. தாராளமாகச் சாப்பிடுங்க. மறதிக்கு மருந்து என்று நினைத்து மட்டும் வேண்டாம்.

அந்த அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ரத்தத்தில் பி12 ரொம்பக் குறைவு. அதுவும் வைட்டமின்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனா இது பரிசோதனையில் குறை தெரிந்து கொடுப்பது. பி12 குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் மறதி வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. பி12 இருப்பது பால், முட்டை, மீன், கறியில். அந்த வீட்டில் முட்டையும் மீனும் பேரப்பிள்ளைகளுக்கு. கிழவிக்குப் பல வருஷமாக ரசஞ்சோறும் ஊறுகாயும். "அது வேணாம்னுதான் சொல்லும் மேடம்" என்றார் மருமகள். எத்தனை வீட்டில் நம்ம பெரியவங்க இப்படி 'வேணாம்' சொல்றாங்க!

இப்போது ஊசி போடுகிறார்கள். மறதி எவ்வளவு தெளியும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. 4,000 ரூபாய்க்கு அந்த அக்கா மாதாமாதம் வட்டியோடு தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஊக்குநர்கள் ஒரு வேலை செய்யுங்க. உங்கள் குழுவில் யார் வீட்டுப் பெரியவருக்கு மறதி இருக்கு, பிரஷர், சர்க்கரை, காது, கண் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. கிராம சுகாதார செவிலியரையும் கூப்பிட்டிருக்கிறோம்.